சாமியாரின் இடது பக்கம்

டிக்கெட் பரிசோதகனுக்கு நண்பர்கள் அமைவது அபூர்வம். நான் பஸ் டிப்போவுக்குள் நுழைந்தாலே பேச்சு நின்றுவிடும். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளருக்குள் எதையோ தேட ஆரம்பிப்பார்கள். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம், அதனால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அப்படியும் மூன்று பேர் எப்படியோ என்னோடு ஒட்டிக்கொண்டார்கள்.

ஒருவர் ஓட்டுநர். கல்யாணம் கிடையாது, பேச்சும் கிடையாது, அதனால் சாமியார். இன்னொருவன் மெக்கானிக். எது கெட்டுப்போனாலும் முதலில் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பான், அதனால் ஸ்பேனர். மூன்றாவது ஆள் சாமியாரின் வண்டியில் நடத்துநர். தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஒரு தொண்டை அவருக்கு. டிப்போக்காரர்களின் குசும்பைக் கேட்கவேண்டுமா, குயில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் குயிலுக்குத்தான் என் தங்கையைக் கட்டிக்கொடுத்தேன். வீட்டில் நான் அவருக்கு மச்சான், வண்டியில் எமன். இரண்டையும் கலக்காமல் கடைசிவரை பழகினார்.

போன மழைக்காலத்தில் குயில் போய்விட்டார். ஓடுகிற பஸ்ஸில், பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இடது சீட்டில், ஜன்னலில் தலையைச் சாய்த்தபடியே போய்விட்டார். இதயம் என்றார்கள். கடைசி நிறுத்தம் வந்து எல்லாரும் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அன்றோடு சாமியார் வேலையை விட்டார்.

என் தங்கையை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். தலை நரைத்த பிறகும் அவள் பாப்பாதான். பாப்பா அழவில்லை. அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் வீட்டில் ஃபேனை நிறுத்தினாள். ரேடியோவைத் துணியில் சுற்றி மேலே வைத்தாள். குழாய் சொட்டினால் எழுந்துபோய் இறுக்கிவிட்டு வந்து, கூடத்தில் கதவுக்கு நேராக உட்கார்ந்துகொள்வாள். அவளைப் பார்க்கப் போகிறவர்கள் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றவேண்டும்.

"என்ன பாப்பா இது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒரு தடவ அவர் குரலக் கேட்டுட்டா போதும்ணா. அப்புறம் நான் கெளம்பிடுவேன்."

"எங்க கெளம்புவ?"

அவள் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் புரியாமலும் இல்லை. அன்றிலிருந்து அவள் வீட்டு மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துப்போய்விட்டேன். ஆனால் எத்தனை கதவுகளைப் பூட்டமுடியும்.

ஊர் சுற்றப் போகலாம் என்பது ஸ்பேனரின் யோசனை. யாரோ கைவிட்ட ஒரு காரைப் பிரித்துப் பூட்டி ஓடவைத்திருந்தான். மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி, கடலோரமாகவே வந்து வீடு சேர்வது என்று திட்டம். காற்றுப் பட்டால் தங்கச்சி தேறும் என்றான். பாப்பா முதலில் மறுத்தாள். சாமியார்தான் ஓட்டுகிறார் என்று சொன்னதும் என்ன நினைத்தாளோ, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

சாமியார் பல மாதமாக ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. ஸ்பேனர் சாவியை நீட்டியபோது வாங்கிக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். இடது பக்கப் பின்கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மெதுவாகச் சாத்தினார். கீல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று நினைத்தேன். எனக்கு மூட்டுவலி, அதனால் முன்சீட். பாப்பா சாமியாருக்குப் பின்னால். ஸ்பேனர் இடது பக்கம் ஏறப் போனபோது சாமியார், "நடுவுல உக்காரு" என்றார்.

"எடம் காலியா கெடக்கு. நான் எதுக்கு நடுவுல உக்காந்து முட்டியால மூக்க இடிச்சுக்கணும்?"

"நடுவுல உக்காரு."

அவர் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வது பெரிய விஷயம். ஸ்பேனர் முனகிக்கொண்டே நடுவில் உட்கார்ந்தான்.

மலை ஏற ஏறக் குளிர் உள்ளே வந்தது. பாறையில் வழிந்த தண்ணீர் சாலையைக் கடந்து பள்ளத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. மேகம் ஒன்று எங்களுக்குக் கீழே, யாரோ பஞ்சை உதறிப்போட்ட மாதிரி கிடந்தது. ஸ்பேனர் வாயைப் பிளந்துகொண்டு இரண்டு பக்கமும் பார்த்தான். பாப்பாகூட ஜன்னலை இறக்கிவிட்டாள். சாமியார் வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வளைவுக்கு வளைவு வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவார் பாருங்கள், என் பக்கத்துச் சக்கரம் பள்ளத்தின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு போகும். கை அகலம்கூட மிச்சம் இருக்காது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

நாலைந்து வளைவுகள் ரசித்துக்கொண்டு வந்தேன். அப்புறம்தான் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. ஒதுங்குகிற ஆள் ஒதுங்கும் பக்கத்தைப் பார்க்கவேண்டாமா? சாமியாரின் கழுத்து என் பக்கம் திரும்பவே இல்லை. வலது பக்கம் பார்த்தார், நேராகப் பார்த்தார். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒதுங்குவதற்கு முன்னால் அவர் தலை லேசாகப் பின்னால் சாய்ந்தது. பிறகு, "ம்" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங்கைத் திருப்பினார்.

பஸ்ஸில் அப்படித்தான் ஓட்டுவார்கள். இடது பக்கம் கண்டக்டரின் பொறுப்பு. ஆள் ஏறியாச்சா, இறங்கியாச்சா, பக்கத்தில் சைக்கிள் வருகிறதா, மரக்கிளை இடிக்குமா, எல்லாவற்றையும் அவர் பின்னாலிருந்து பார்த்துச் சொல்லவேண்டும். போலாம் ரைட், ஹோல்டான், வரட்டும் வரட்டும். சாமியாரும் குயிலும் ஜோடி சேர்ந்து ஓட்டிய காலம் கொஞ்சநஞ்சமல்ல. குயில் "வரட்டும்" என்றால் சாமியார் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் எடுப்பார் என்று டிப்போவில் சொல்வார்கள். ஆனால் இந்தக் காரில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஸ்பேனர் தூங்கிவிட்டிருந்தான்.

உச்சியில் வண்டிகள் நிற்பதற்கென்று ஓர் அகலமான இடம் இருந்தது. ஓரமாக முழங்கால் உயரச் சுவர், அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் கோடு கிழித்தது போலக் கடல். ஸ்பேனர் பானெட்டைத் திறந்து தட்டப் போனான். நான் காலை நீட்டி மடக்க இறங்கி, காரைச் சுற்றி வந்தேன். என் பக்கத்துக் கண்ணாடி உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. இவ்வளவு தூரமும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறேன், வேடிக்கை பார்த்ததில் எனக்கே தெரியவில்லை.

"சாமி, மிரர் மடங்கிக் கெடக்கே."

"கெளம்பறப்பவே மடிச்சேன்."

"ஏன்?"

"தேவையில்ல."

"அப்ப எடது பக்கம் எப்படிப் பாக்குறீங்க?"

"பாக்கல. அவன் சொல்றான்ல."

டேங்கில் பெட்ரோல் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். யார் என்று நான் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. அவரே சொன்னார், அதுவரை அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அன்னிக்கு டாக்டர் என்ன சொன்னாரு? வழியில இருக்கற பாலத்துக்கு முன்னாடியே உசுரு போயிருக்கும்னாரு. பாலத்துக்கு அப்புறம் எத்தன ஸ்டாப்பிங் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஒவ்வொண்ணுலயும் ஹோல்டான்னான், நிறுத்தினேன். போலாம் ரைட்னான், எடுத்தேன். கடைசி ஸ்டாப்பிங்ல எறங்கிப்போய்த் தொட்டா ஐஸ் மாதிரி இருக்கான்."

"யாராவது பேசஞ்சர் கொரல் குடுத்திருப்பாங்க."

"அந்தத் தொண்ட வேற எவனுக்கு இருக்கு, செக்கர்?"

அன்றைக்கு அந்த வண்டியில் வந்தவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தவனே நான்தான். கண்டக்டர் அசந்து தூங்குகிறார் என்று நினைத்தார்களாம். குரல் கொடுத்தது யார் என்றால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். ஒரு பெண் மட்டும், கண்டக்டர்தானே சொன்னார் என்றாள். பயந்துபோயிருக்கிறாள் என்று அவளை அனுப்பிவிட்டேன்.

"இப்ப காருல எங்கேருந்து வருது சத்தம்?"

சாமியார் திரும்பாமலேயே இடது பக்கப் பின்கதவைக் கை காட்டினார். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உங்ககிட்ட பேசறாரா?" என்றாள்.

"பேசல தங்கச்சி. வண்டிக்கு வேண்டியதச் சொல்றான்."

"நான் ஃபேன்கூட போடாம உக்காந்திருக்கேன். தெருவுல ஒருத்தரு இருமினா ஓடிப்போய்ப் பாக்குறேன். எனக்கு ஒரு வார்த்த வரல. உங்களுக்கு வண்டி ஓட்ட ஆள் வேணும்னதும் வந்துட்டாரா?"

அவளுக்கு வந்தது பயமல்ல, கோபம். புருஷன் சிநேகிதன் வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் வருமே, அந்தக் கோபம்.

"வலிச்சுதான்னு கேளுங்க."

"கேட்டுட்டேன். பதில் வராது தங்கச்சி. போலாம், ஹோல்டான், வரட்டும். அவ்ளோதான் இப்ப அவன்கிட்ட இருக்கு."

பாப்பா காரின் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் ஸ்பேனரைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் நீ ஓட்டு என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. நடுவுல உக்காரச் சொன்னது இதுக்குத்தானா என்று மட்டும் கேட்டான். ஆனால் சாவிக்குக் கை நீட்டியபோது பாப்பா குறுக்கே வந்தாள்.

"சாமிண்ணன் ஓட்டலன்னா நான் வரல. நீங்க போங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

அவளுக்குப் பின்னால் அந்த முழங்கால் உயரச் சுவர். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. நான் பார்த்தேன். சாமியார் கையிலேயே சாவி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பாப்பா என் முன்சீட்டைக் கேட்டாள், கொடுத்தேன். மடங்கியிருந்த கண்ணாடியை நானே விரித்துவிட்டு, பிடிவாதமாக இடது பக்கப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். செத்தவனுக்கு சீட் ரிசர்வ் செய்கிற வழக்கம் எங்கள் டிப்போவில் கிடையாது என்று சத்தமாகவே சொன்னேன். பயத்தில் எனக்கு வாய் நீளும்.

சாமியார் வண்டியை எடுப்பதற்கு முன்னால் உள்கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க செக்கர்."

நான் தள்ளி உட்கார்ந்தேன். ஸ்பேனரின் மடியில் பாதி உட்கார்ந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அவனும் வலது கதவுவரை நகர்ந்து இடம் கொடுத்தான்.

மலையின் அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கினோம். இவ்வளவு அழகான சாலையை நான் பார்த்ததில்லை, இவ்வளவு வெறுத்ததும் இல்லை. வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் அடித்தன. ஒவ்வொரு வளைவிலும் சாமியாரின் தலை பின்னால் சாயும். பாப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சொன்னாரா?"

"ம்."

"என்னன்னு?"

"வரட்டும்னு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த வார்த்தையைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அடுத்த வளைவில் மறுபடி கேட்டாள். கீழே போகப் போக அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பல மாதம் கழித்து என் தங்கை சந்தோஷமாக இருக்கிறாள், நான் அவள் பக்கத்துக் கதவுப் பூட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போதும் என்று அவள் சொல்லியிருந்தாளே, கேட்டுவிட்டால் போதும் என்று.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அதைச் சத்தியம் செய்யத் தயார். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் என் இடது காதுக்குப் பக்கத்தில், பேசப்போகிறவர் மூச்சை உள்ளே இழுப்பாரே, அப்படி ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஜன்னல் ரப்பர் தேய்ந்துபோய்க் காற்று வருகிறது என்று ஸ்பேனரிடம் சொன்னேன்.

"போன வாரந்தான் புதுசு மாத்தினேன்" என்றான்.

சாயங்கால வெயில் வந்தபோது கடலோரத்துக்கு வந்துவிட்டோம். குன்றைக் குடைந்து போட்ட ஒற்றைச் சாலை. வலது பக்கம் பாறைச்சுவர், இடது பக்கம் நேர் கீழே கடல். சில இடங்களில் ஓரச்சுவர் இருந்தது, சில இடங்களில் அலை அரித்து விழுந்திருந்தது. ஒரு திருப்பத்தில் எதிரே மூட்டை ஏற்றிய லாரி வந்து நின்றது. அது பின்னால் போகமுடியாது. நாங்கள்தான் பின்னால் எடுத்து, வண்டி ஒதுங்கும் இடம்வரை போகவேண்டும்.

"நான் எறங்கிப் பாத்துச் சொல்றேன். என் கொரலக் கேட்டு எடுங்க" என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு இறங்கி, காருக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் தலையசைத்தார். யாருக்குத் தலையசைத்தார் என்று நான் யோசித்திருக்கவேண்டும்.

கார் பின்னால் வர ஆரம்பித்தது. நூல் பிடித்தது போல நேராக வந்தது. ஆனால் எனக்குப் பின்னால் சாலை நேராக இல்லை, மலைப்பக்கம் வளைந்திருந்தது. அந்த வளைவில் ஓரச்சுவரும் இல்லை. வலது பக்கம் ஒடிக்கச் சொல்லிக் கத்தினேன். ஒடிக்கவில்லை. கார் என்னைத் தாண்டி விளிம்பை நோக்கிப் போயிற்று.

"ஹோல்டான்" என்று கத்தினேன். "சாமி, நில்லுங்க. சக்கரம் வெளிய போகுது."

அவருக்குக் கேட்டது. பிறகு அவரே அதைச் சொன்னார், உங்கள் குரல் நன்றாகக் கேட்டது, ஆனால் அவன் வரட்டும் என்றான் என்று. ஸ்பேனர் உள்ளேயிருந்து கூரையை இரண்டு கையாலும் தட்டினான். இடது பின்சக்கரம் தாரை விட்டு இறங்கி மண்ணில் ஏறியது. சரளைக்கல் பெயர்ந்து கீழே உருண்டது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் வரவே இல்லை.

அப்போது பாப்பாவின் குரல் கேட்டது. கத்தவில்லை. கூட்டத்தில் பின்னால் நிற்கும் பெண்கள் பஸ்ஸில் சொல்வார்களே, அந்தச் சாதாரணக் குரல். சாமியாரைப் பார்த்தும் சொல்லவில்லை, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"கண்டக்டர், ஆள் எறங்கணும்."

கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹோல்டான்னான்" என்றார் சாமியார். "நிறுத்திட்டேன்."

ஆள் இறங்கவேண்டும் என்றால் எந்தக் கண்டக்டரும் வண்டியை நிறுத்தித்தான் ஆகவேண்டும். என் தங்கை காரிலிருந்த மூன்று பேர் உயிரையும் காப்பாற்றிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். முன்கதவு திறந்தது. அது கடல் பக்கத்துக் கதவு. காருக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது, அதில் இறங்கி நின்றாள். காற்று அவள் முந்தானையைக் கடலுக்குள் இழுத்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த பின்ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணத்தன்று அவளிடம் பார்த்த முகம் அது.

"அண்ணா, எனக்குக் கேக்குது."

காரைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக அவளிடம் நகர்ந்தேன்.

"என்ன சொல்றாரு?"

"போலாம் ரைட்ங்கறாரு."

"சரி. அப்ப ஏறு பாப்பா. போலாம்."

"என்னயச் சொல்லலண்ணா. எறங்க வேண்டியவங்க எறங்கினப்புறந்தான அவரு போலாம்னு சொல்லுவாரு. நான் எறங்கியாச்சு. உங்களப் போகச் சொல்றாரு."

அதைக் கோபமில்லாமல், துக்கமில்லாமல் சொன்னாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் இழுக்கவும் இல்லை, உதறவும் இல்லை. முன்னால் சாமியாரின் கை கியருக்குப் போவதைப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் மாறியது. அந்தக் குரல் போலாம் என்று சொல்லி அவர் எடுக்காமல் இருந்தது வாழ்நாளில் கிடையாது. கார் நகர்ந்தால் இந்தக் குறுகலான மண்ணில் நானும் அவளும், அவளைக் கூப்பிடுகிற அந்தக் குரலும் மட்டும்தான். என் பிடி எத்தனை நேரம் தாங்கும்.

யாரிடம் பேசுகிறேன் என்று தெரியாமலே பேசினேன். பின்ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினேன்.

"மாப்ள, இங்க ஸ்டாப்பிங் கெடையாது. ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல ஆள எறக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா? ஏத்திக்கங்க. அவளுக்கு இன்னும் தூரம் இருக்கு மாப்ள."

அலைச் சத்தம்தான் கேட்டது. நான் சாமியாரைப் பார்த்தேன்.

"கேக்க மாட்டேங்கிறான்" என்றார். "போலாம் போலாம்னே சொல்றான்."

"சாமி, ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க. அவரு சொல்றது இருக்கட்டும். நீங்க பாருங்க."

அவர் கழுத்து இறுகியது தெரிந்தது. துருப்பிடித்த கதவைத் திறப்பது போல, மெள்ள மெள்ள, தலையை இடது பக்கம் திருப்பினார். திறந்திருந்த கதவு வழியாக மண் விளிம்பைப் பார்த்தார். விளிம்புக்கு அப்பால் ஒன்றுமில்லாததைப் பார்த்தார். அந்த விளிம்பில் செருப்பில்லாமல் நின்ற பாப்பாவின் காலைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"இவ்ளோ பக்கத்துலயாடா கொண்டாந்து விட்ட" என்றார். அது எங்களிடம் சொன்னதல்ல.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் அணைந்தது. லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். சாமியார் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுங்கண்ணா" என்றாள் பாப்பா. "அவர் சொல்லிட்டே இருக்காரு."

"எனக்கும் கேக்குது தங்கச்சி."

"அப்புறம் என்ன? எடுங்க."

"நீ ஏறாம எடுக்க மாட்டேன். அவன் தொண்ட கிழியக் கத்தட்டும். இன்னிக்கு எடுக்க மாட்டேன்."

லாரியின் ஹாரன் நின்றது. ஸ்பேனர் மறுபக்கம் இறங்கிப்போய் லாரிக்காரனிடம் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். அலை ஒன்று கீழே பாறையில் அடித்து, அதன் ஈரம் எங்கள் முகம்வரை வந்தது. பாப்பாவின் மணிக்கட்டில் நாடி என் விரலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பின்ஜன்னலுக்கு நேராகக் குனிந்தாள். சமையலில் இருப்பவள் கூடத்தில் இருக்கும் புருஷனிடம் சொல்வது போல, அவ்வளவு உரிமையாக, அவ்வளவு அலுப்பாகச் சொன்னாள்.

"கேட்டுச்சா? எடுக்க மாட்டாங்களாம்."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.